இரண்டாவது முறை நாற்பத்து நான்கு

எனக்கு நாற்பத்து நான்கு வயது இரண்டு முறை வந்தது. முதல் முறை எல்லோருக்கும் வருவதுபோல வந்து, ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது முறை அது வந்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று. பொம்மசந்திராவில் ஒரு லேபர் காண்ட்ராக்டர், சர்வசாதாரணமாக, விண்ணப்பத்தில் தன் கையாலேயே அதை எழுதினார்.

அதற்கு முன்பு முப்பத்தோரு வருடம் நான் கோலார் தங்கவயலில் டைம் ஆபீஸ் கிளார்க். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவன் இல்லை. இறங்குகிறவர்களை எண்ணி அனுப்பி, எண்ணித் திரும்ப வாங்கியவன். ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் பொறித்த ஒரு பித்தளை பில்லை உண்டு. என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு பில்லை. ஷிஃப்டுக்கு வருகிறவர் ஜன்னலில் தன் பில்லையை வாங்கிக்கொண்டு கீழே போவார். மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பார். நான் ஆணியில் மாட்டுவேன். ஷிஃப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்தால் டைம் ஆபீஸ்காரன் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆளைத் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் சைரன் அடிக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. சேர்ந்த முதல் நாளே சொன்னார்கள், கடைசி நாள்வரை செய்தேன்.

பெரும்பாலும் ஆள் பில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றிருப்பார். நான் அங்கேயே போய் வாய்க்கு வந்தபடி திட்டி, பில்லையைப் பிடுங்கிக்கொண்டு வருவேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். ஆனால் டீக்கடையில் ஆள் இல்லாத நாட்களும் உண்டு. என் வேலைக்காலத்தில் அப்படி நான்கு நாட்கள். அந்த நான்கு ஆணிகளின் நம்பரையும் இன்று கேட்டாலும் சொல்வேன்.

சுரங்கத்தை மூடியபோது எனக்கு ஐம்பத்திரண்டு. மகள் நர்சிங் படிப்பில் இரண்டாம் வருடத்தில் இருந்தாள். அவளைப் பாதியில் நிறுத்துவதில்லை என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. காலையில் எழுந்து, ஷேவ் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டபிறகு, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பேன். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நின்றோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பழகினோம்.

அதனால் நானும் காலை ரயிலைப் பிடித்தேன். அந்த ரயிலில் தங்கவயலே பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. சீட்டாட்டம், பஜனை, இட்லி, தூக்கம் எல்லாம் உண்டு. வேலை இருக்கிறவர்கள் சீட்டாடுவார்கள். என்னைப் போல வேலை தேடுகிறவர்கள் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருப்போம்.

பெங்களூரில் அந்த வருடங்களில் எங்கே பார்த்தாலும் வேலை. சுவரில், பஸ் ஸ்டாப்பில், பேப்பரில், லாரியின் முதுகில்கூட 'ஆட்கள் தேவை'. ஆனால் கீழே சின்ன எழுத்தில் முப்பது வயதுக்குள் என்று இருக்கும். கொஞ்சம் தாராளமானவர்கள் முப்பத்தைந்து என்று போட்டிருப்பார்கள். கூரியர் ஆபீசில் கேட்டேன். ஒரு துணித் தொழிற்சாலையின் கேட்டில் கேட்டேன். செக்யூரிட்டி ஏஜென்சியில் நெஞ்சளவு எடுத்தார்கள், உயரம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பிறந்த தேதியைப் பார்த்தார்கள். அளவெடுத்த டேப்பைச் சுருட்டி டிராயரில் வைத்துவிட்டு, "அங்கிள், நீங்க ரெஸ்ட் எடுக்க வேண்டிய வயசு" என்று ஒரு பையன் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அவனிடம் வேலைதான் கேட்டேன், வைத்தியம் கேட்கவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு புதுக் கட்டடத்தில் வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, "உங்க டாட்டருக்கு இன்டர்வியூ இன்னும் முடியல அங்கிள், அந்தப் பக்கம் உக்காருங்க" என்றாள். நான் உட்கார்ந்தேன். ஏசி நன்றாக இருந்தது. தண்ணீர்கூடக் கொடுத்தாள். அரை மணி நேரம் இல்லாத மகளுக்காகக் காத்திருந்துவிட்டு, எழுந்து வந்துவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைச் சேர்க்காமல் பதினோரு இடம். பதினோரு இடத்திலும் உண்மை வயதைச் சொன்னேன். பன்னிரண்டாவது இடம் பொம்மசந்திரா காண்ட்ராக்டர்.

அவர் ஓசூர் பக்கத்துக்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். வண்டிகளுக்கு ரப்பர் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு டைம் ஆபீஸ் ஆள் கேட்டிருந்தார்கள். என் அனுபவத்தைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. வயதுக்கு வந்ததும் வாடியது.

"நாப்பத்தஞ்சுக்குக் கீழ வேணும் சார். மேல இருந்தா நான் அனுப்ப முடியாது."

நான் ஃபைலை மூடப் போனேன்.

"இருங்க குரு, எங்க எழுந்துட்டீங்க?" என்று பேனாவை எடுத்தார். "நாப்பத்து நாலு. போதுமா? மீசைக்கு மட்டும் கொஞ்சம் மை அடிச்சுக்குங்க. முப்பத்தோரு வருஷம்னு இருக்கே, அதையும் எடுத்துருவோம். 'டைம் ஆபீஸ் அனுபவம் உண்டு', அவ்ளோதான்."

நியாயமாக நான் கோபப்பட்டிருக்க வேண்டும். "எப்ப வரட்டும்?" என்று கேட்டேன்.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஹெப்பகோடியில் ஓர் அறையும் சமையலறையுமாக வீடு பார்த்து, மனைவியை அழைத்து வந்தேன். அவள் தையல் மெஷினும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மீசைக்கும் தலைக்கும் மை அடிப்பாள். அடிக்கும்போது சும்மா இருக்க மாட்டாள்.

"மூஞ்ச ஆட்டாதீங்க, காதுல பட்டுச்சுன்னா காதுக்கும் நாப்பத்து நாலு ஆயிடும்" என்பாள். "என்ன கட்டிக்கினப்பகூட இவ்ளோ கறுப்பா இல்ல மீச. இன்னா ஷோக்கு பாரு."

தொழிற்சாலை எனக்குப் பிடித்துப்போனது. கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். சுவரில் பஞ்சிங் கடிகாரம். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பலகைகள், ஆளுக்கு ஓர் அட்டை. வருகிறவர் தன் கார்டைக் கடிகாரத்தில் செருகி, டக் என்று நேரம் விழுந்ததும் 'உள்ளே' பலகையில் வைப்பார். போகும்போது மறுபடி டக், 'வெளியே' பலகை. முதல் நாள் அதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். என் பலகைதான். பித்தளைக்குப் பதிலாக அட்டை.

ஆனால் அங்கே இருந்த வழக்கம் வேறு. மாலையில் நாலைந்து கார்டுகள் 'உள்ளே' பலகையிலேயே நிற்கும். அவசரத்தில் மறந்து போனவர்கள். எனக்கு முன்னால் இருந்தவர் மறுநாள் காலையில் பேனாவால் நேரம் எழுதிச் சரிசெய்துவிடுவாராம். எனக்கு அது முடியவில்லை. கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன். படியில் நின்று நம்பரைக் கத்துவேன். ஆள் தலையில் அடித்துக்கொண்டு இறங்கி வந்து பஞ்ச் செய்துவிட்டுப் போவான். "இன்னா சார், நாளைக்குப் பண்ணிக்கலாமே" என்பார்கள். "நாளைக்கு நீ உசுரோட இருந்தா பண்ணிக்கலாம்" என்று பதில் சொல்வேன். இதெல்லாம் சொல்லக் கூடாதுதான். மூன்று மாதத்தில் அவர்களுக்கும் பழகிவிட்டது.

நான்காவது மாதம் ஒரு வியாழக்கிழமை. மாலை ஐந்தரைக்கு ஜெனரல் ஷிஃப்ட் விட்டு, அந்த ஷிஃப்ட்காரர்களில் ஒரே ஒருவனின் கார்டு 'உள்ளே' பலகையில் நின்றது. மிக்ஸிங் பிரிவில் வேலை செய்கிற ஒருவன், இருபத்தாறு வயது இருக்கும். பஸ்ஸில் கத்திப் பார்த்தேன். இல்லை. இரண்டாவது பஸ்ஸிலும் இல்லை. அவனோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை. கேன்டீன் அலமாரியில் அவன் டிபன் பாக்ஸ் இருந்தது. கொக்கியில் அவன் பை தொங்கியது.

மிக்ஸிங் பிரிவுக்குப் பின்னால் தரைமட்டத்தில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. சம்ப் என்பார்கள். அதன் மூடி கொஞ்சம் நகர்ந்திருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. கேட்டைத் திறக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் கத்தினேன். "ஏனாயித்து சார்? ஏனாயித்து?" என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் கேட்டபடி அவர் பின்னாலேயே ஓடி வந்தார். நான் பதில் சொல்லாமல் போய், சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து, தீ சைரனை அழுத்திவிட்டேன்.

சைரன் அடித்தால் பிரஸ்களை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் மைதானத்துக்கு வர வேண்டும். வந்தார்கள். அச்சுக்குள் வெந்துகொண்டிருந்த ரப்பர் எல்லாம் வேண்டியதற்கு மேல் வெந்து வீணாயிற்று. சுமை ஏற்றிக்கொண்டிருந்த லாரி நின்றது. இரண்டு பஸ்களும் காலியாயின. இருநூறு பேருக்கு மேல் சம்ப்பைச் சுற்றி நிற்க, நாலு பேர் மூங்கில் கழியால் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பின்பக்கச் சுவரின் மேல் ஒரு தலை தெரிந்தது. பிறகு வெள்ளைச் சட்டை. நெற்றியில் குங்குமம், கையில் ஒரு ஸ்வீட் பாக்கெட். சுவரிலிருந்து குதித்து, கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, என் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னா சார் ஆச்சு? யாரு உள்ள வுழுந்தது?"

"நீதான்டா" என்றேன்.

அத்திப்பள்ளியில் பெண் பார்க்கப் போயிருந்தான். லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. மதியம் சாப்பிட்டதும் சுவர் ஏறிக் குதித்துப் போய், ஐந்தரைக்குள் வந்து கார்டை அடித்துவிடலாம் என்று திட்டம். பெண் வீட்டில் பஜ்ஜி போடத் தாமதமாகிவிட்டதாம். அன்றிலிருந்து அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர் ஆனது. எனக்கு வைத்த பெயர் சைரன் சார்.

சிரிப்பெல்லாம் பிறகுதான். அடுத்த கால் மணியில் நான் பர்சனல் ஆபீசர் முன்னால் நின்றிருந்தேன். சேலத்துப் பெண். முப்பது வயது ஆகியிருக்காது. எதிலும் அவசரப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். ஜி.எம். அவரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு என் ஃபைலை எடுத்தார்.

"சைரன் அடிக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல மேடம். ஒரு ஆள் திரும்பி வரலைன்னா தேடணும். கெடைக்கலைன்னா சைரன் அடிக்கணும். முப்பத்தோரு வருஷமா நான் அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

அவர் ஃபைலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி ஃபைலை.

"முப்பத்தோரு வருஷம்."

"ஆமா மேடம்."

"இங்க நாப்பத்து நாலு வயசுன்னு இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே என் வாயால் போட்டு உடைத்திருக்கிறேன்.

"அப்ப பதிமூணு வயசுல டைம் ஆபீஸ்ல சேர்ந்தீங்களா சார்?"

தலையிலிருந்து வியர்வை இறங்கியது. கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டை கறுப்பாக இருந்தது. அதை அவரும் பார்த்தார்.

"அம்பத்து மூணு மேடம். இன்னும் ரெண்டு மாசத்துல அம்பத்து நாலு."

"ஏன் பொய் சொன்னீங்க?"

இதைக் கேட்டதும் என் வழக்கமான கோபம் வந்துவிட்டது. வரக்கூடாத நேரம். ஆனால் வந்தது.

"உண்மையச் சொன்ன பதினோரு எடத்துலயும் என்ன உக்காருன்னுகூடச் சொல்லல மேடம். பொய் சொன்ன எடத்துலதான் நாற்காலி குடுத்தீங்க."

அவர் எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தார். அன்றும் என்னை உட்காரச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"நாளைக்கு வர வேணாம். நானே சொல்லி அனுப்பறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். வேலை போய்விட்டது, மகளுக்கு அடுத்த வருட ஃபீஸ் எப்படிக் கட்டுவோம் என்று தெரியவில்லை என்றுதான் ஆரம்பித்தேன். அவள் நடுவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இருங்க, இருங்க. ஒருத்தன் பொண்ணு பாக்கப் போனதுக்கு நீங்க சைரன் அடிச்சிட்டீங்களா?"

மெஷின் மேல் தலை வைத்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நெசமாவே அந்தப் புள்ள தண்ணித் தொட்டியில வுழுந்திருந்தா?"

"அதான் அடிச்சேன்."

"அப்ப செய்தது செரிதான். கைய கழுவிக்கினு வாங்க, சாப்டலாம்."

ஒன்பது நாள் வீட்டில் இருந்தேன். ஞாயிறு வந்தபோது அவள் பிரஷ்ஷை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மீசையின் அடியில் வெள்ளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரரோடு தண்ணீர் பைப்புக்காக ஒரு சண்டை போட்டேன். பொதுவாக நல்ல மனிதர் அவர். என்னிடம் மாட்டிக்கொண்டார், பாவம்.

பத்தாவது நாள் மாப்பிள்ளை வந்தான். மேடம் நாளைக் காலை வரச் சொன்னாராம். மூன்று நாள் சஸ்பென்ஷன் முடிந்து அவன் வேலையில் சேர்ந்திருந்தான். வாசலிலேயே நின்று நெளிந்தான். பெண் வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்களாம். சைரன் விஷயம் அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது.

"பொண்ணோட அப்பா இன்னா சொன்னாரு தெரியுமா சார்? 'மாப்பிள்ளைய கொஞ்ச நேரம் காணோம்னா கம்பெனியே நின்னு தேடுதாமே, நல்ல எடம்தான்'னு சொல்லிட்டாரு."

என் மனைவி உள்ளேயிருந்து அவனுக்கு டீ கொண்டுவந்தாள். அவன் முன்னால் சிரிக்கக் கூடாது என்று இருவரும் பாடுபட்டோம்.

மறுநாள் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான மீசையோடு போனேன். மேடம் முதலில் செய்த காரியம் நாற்காலியைக் காட்டியதுதான்.

எங்களிடம் சரக்கு வாங்குகிற ஒரு கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு இரண்டு பேர் வந்திருந்தார்களாம். தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள், எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். போன வருடமும் கேட்டார்களாம். அப்போது யாரிடமும் பதில் இல்லை. இந்த முறை மேடம் அந்த வியாழக்கிழமையைச் சொல்லியிருக்கிறார். பெண் பார்த்ததை விட்டுவிட்டு.

"அதுக்காக உங்களைத் திரும்பக் கூப்பிடலை சார்" என்றார். "நீங்க கேட்டது மனசுல இருந்துச்சு. இந்த நாப்பத்தஞ்சு வயசுங்கற விதிய யாரு போட்டாங்கன்னு தேடினேன். பழைய ஃபைலெல்லாம் எடுத்துப் பார்த்தேன், எதுலயும் இல்லை. காண்ட்ராக்டரக் கேட்டா கம்பெனி சொன்னதுங்கறார். இங்க கேட்டா அது காண்ட்ராக்டருங்க வழக்கம்ங்கறாங்க. யாருமே எழுதலை சார். எல்லாரும் இருக்கற மாதிரி நடந்துக்கறாங்க."

எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. யாரும் எழுதாத ஒன்றுக்காக ஒரு வருடம் நடையாய் நடந்திருக்கிறேன். பதினோரு இடத்தில் வெட்கப்பட்டிருக்கிறேன். என் மீசை என்ன பாவம் செய்தது?

மேடம் புதிய விண்ணப்பம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். காண்ட்ராக்டர் மூலம் இல்லை, கம்பெனியே நேராக, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிற ஒப்பந்தம்.

"வயசை நீங்களே எழுதுங்க."

எழுதினேன். 53. என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும். அன்று இரண்டு எண்களும் அச்சடித்தது போல விழுந்தன. அந்த வயதை எழுதி அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் பெங்களூரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"ஒண்ணு மட்டும் சார்" என்றார், நான் எழுந்தபோது. "கார்டு நின்னா பஸ்ஸ நிறுத்துங்க, தேடுங்க, எல்லாம் செய்யுங்க. சைரன் மட்டும் எங்கிட்டச் சொல்லிட்டு அடிங்க."

அதன் பிறகு அது தொழிற்சாலையின் வழக்கமாகவே ஆனது. ஷிஃப்ட் முடிந்தவர்களின் கார்டுகள் 'உள்ளே' பலகையிலிருந்து காலியாகாமல் பஸ் நகராது. டிரைவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார், நான் கையைத் தூக்கினால்தான் வண்டியை எடுப்பார். மகள் படித்து முடித்து, காக்ஸ் டவுன் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தாள். மாப்பிள்ளைக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. என் மீசை முழுக்க வெளுத்தது. புதிதாக வருகிற பையன்கள் என்னை அங்கிள் என்பார்கள், பழையவர்கள் உடனே திருத்துவார்கள். அங்கிள் இல்ல, சைரன் சார். திருத்தாவிட்டாலும் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை. கொஞ்சம்தான் வரும்.

ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தில் வயதை நானே எழுதினேன். ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து என்று போய், அறுபது எழுதிய வருடம் போதும் என்று எனக்கே தோன்றியது. யாரும் போகச் சொல்லவில்லை. நானாகச் சொல்லிவிட்டு நின்றேன். அந்தச் சுகத்தை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

கடைசி நாள் கேன்டீனில் மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வருடம் கடிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கடிகாரம். மனைவியும் வந்திருந்தாள். ஜி.எம். ஏதோ பேசினார். மாப்பிள்ளை மைக்கைப் பிடித்து, பெண் பார்த்த கதையைச் சொல்லி, எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, நடுவில் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டான். என்னைப் பேசச் சொன்னார்கள். திட்டத்தான் எனக்கு நன்றாக வரும், பேச வராது என்று சொல்லி, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அன்று டைம் ஆபீசில் என்னை உட்கார விடவில்லை. மேடமே நின்று பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அப்போது அவர் மேனேஜர் ஆகியிருந்தார். நானும் மனைவியும் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தோம். மடியில் கடிகாரம், கழுத்தில் மாலை. எல்லோரும் ஏறியாகிவிட்டது. பஸ் கிளம்பவில்லை.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம். பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. நான் டிரைவரைக் கேட்டேன்.

"ஒரு கார்டு உள்ளயே நிக்குதாம் சார்."

"எவன் அவன்?" என்றேன். "கடைசி நாள்லயும் என்ன நிம்மதியா வீட்டுக்கு அனுப்ப மாட்டானுங்களா? எத்தன வருஷமா கத்துறேன், இன்னும் புத்தி வரல பாரு!"

மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

மேடம் பஸ் படியில் ஏறினார். கையில் ஒரு கார்டு. எப்போதும் நான் நிற்கிற அதே படியில் நின்று, நான் கத்துகிற அதே மாதிரி, நம்பரைப் படித்தார்.

என் நம்பர்.

பஸ் முழுக்கச் சிரித்தது. மாலையும் கையுமாக நேரே கேன்டீனிலிருந்து பஸ்ஸுக்கு வந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட நான் கார்டு அடிக்க மறந்தது இல்லை. எழுந்தேன். மனைவி, "போங்க, உங்களுக்காகத்தான் நிக்குது" என்றாள்.

"பேனாவால எழுதிக்கலாமே மேடம்" என்றேன், படியில் இறங்கும்போது.

"அது முடியாது சார்" என்றார் அவர். "ஆள் வரணும்."

பித்தளைப் பலகையின் முன்னால் நான் உட்கார்ந்திருந்த காலமெல்லாம், எனக்கென்று அதில் ஓர் ஆணி இருந்ததில்லை. நான் வந்தேனா போனேனா என்று யாரும் எண்ணியதில்லை. மேடத்தின் கையிலிருந்து கார்டை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன். கடிகாரத்தில் செருகினேன். டக் என்று நேரம் விழுந்தது. கார்டை 'வெளியே' பலகையில் என் இடத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினேன்.